ஹானோயில் பத்து நாள்

தென்கிழக்கு ஆசியாவுக்குப் பிரயாணம் கிளம்புகிறோம் என்று சொன்ன மாத்திரத்தில், சிநேகிதர்கள் ஆளுக்கொரு சாமான் ஜாபிதாவை நம் கையில் கொடுத்தார்கள். "சிங்கப்பூருக்கு அல்ல, ஹானோய் நகரத்துக்கு" என்று நாம் விளக்கியதும், அந்த ஜாபிதாக்கள் எல்லாம் திரும்பவும் அவரவர் சட்டைப் பைக்குள் போய்விட்டன. ஒருவர் மட்டும், "அங்கே இன்னமும் குண்டு போடுகிறார்களா, ஸார்?" என்று உண்மையான கவலையுடன் விசாரித்தார்.

வியட்நாம் யுத்தம் 1975-ஆம் வருஷத்தில் முடிந்துவிட்டது. அதைக் கண்ணால் கண்ட வாலிபர்கள் இன்று பாட்டன் பாட்டிகளாகி விட்டார்கள். ஆயினும் நம்மவர்களில் அநேகருக்கு வியட்நாம் என்பது இன்னும் ஒரு யுத்தத்தின் பெயராகவே இருக்கிறது. ஒரு தேசத்தின் பெயராக ஆகவில்லை. அந்தக் குறையை இயன்ற அளவு தீர்க்கலாம் என்ற எண்ணத்துடனேயே இதை எழுதத் துணிந்தோம்.

நவம்பர் மாதத்தில், ஆசிரியர்கள் கூடிய ஒரு மகாநாட்டை முன்னிட்டு, நாமும் நம் பள்ளிக்கூடத்துக் கணித உபாத்தியாயரான சிநேகிதரும் ஹானோயில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். மகாநாட்டுப் பிரசங்கங்களை இங்கே விவரித்து வாசகர்களைத் தூங்க வைக்கும் உத்தேசம் நமக்கு இல்லை. கண்ட நகரத்தைப் பற்றியும், அங்கே பெற்ற ஒரு சிந்தனையைப் பற்றியுமே சொல்லப் போகிறோம்.

ஆற்றுக்கு உள்ளே

"ஹா நோய்" என்றால் அந்நாட்டுப் பாஷையில் "ஆற்றுக்கு உள்ளே" என்று பொருள். செம்மண் கலங்கலாக ஓடும் செந்நதியின் கரையில் நகரம் அமைந்திருக்கிறது. இந்தப் பெயர் 1831-ஆம் வருஷத்தில்தான் ஏற்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பு, 1010-ஆம் வருஷத்தில், லீ தாய் தோ என்ற அரசன் தன் தலைநகரை இவ்விடத்துக்கு மாற்றினான். ஆற்றிலிருந்து ஒரு டிராகன் வானை நோக்கி எழும்பியதை அவன் கண்டானாம். அதனால் நகருக்கு "எழும் டிராகன்" என்று பொருள்படும் தாங் லோங் என்ற பெயரைச் சூட்டினான்.

இந்த வருஷக் கணக்கைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே 1010-ஆம் வருஷத்தில்தான் தஞ்சையில் ராஜராஜ சோழன் பெரிய கோவில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தான். கடலுக்கு அக்கரையில் ஒருவன் தலைநகருக்கு இடம் பார்த்துக் கொண்டிருந்தபோது, இக்கரையில் ஒருவன் கோபுரத்துக்குக் கலசம் ஏற்றிக் கொண்டிருந்தான்! இரண்டு ஊர்களும் 2010-ல் தத்தம் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடின.

இன்றைய ஹானோயில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் உண்டு என்கிறார்கள். அந்த 60 லட்சமும் நாம் தங்கியிருந்த விடுதியின் வாசல் வழியாகத்தான் போகின்றனவோ என்று முதல் நாள் சந்தேகம் ஏற்பட்டது. ஒரு வண்டியில் தாயும் தகப்பனும் இரண்டு குழந்தைகளும். இன்னொன்றில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பூக்கூடைகள். மற்றொன்றில் கண்ணாடிக் கதவு வைத்த முழு அலமாரி. எல்லாம் ஒன்றையொன்று உரசாமல், இடைவிடாமல், மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

தெருவைக் கடப்பதற்காக நாங்கள் இருவரும் நடைபாதை ஓரத்தில் கால் மணி நேரம் நின்றோம். வாய்க்கால் வற்றுவதாகக் காணோம். கடைசியில், எங்களை அழைத்துப் போக வந்திருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே உபதேசம் செய்தார்: "மெதுவாக நடங்கள். நிற்காதீர்கள். ஓடாதீர்கள். முக்கியமாக, பின்வாங்காதீர்கள்." அவர் கையை லேசாக உயர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பின்னால் போனோம். என்ன ஆச்சரியம்! வண்டிகள் எங்களுக்கு முன்னும் பின்னும் வகுந்து கொண்டு போயின. அக்கரை சேர்ந்ததும் கணித உபாத்தியாயர் இதற்குக் காரணம் கண்டுபிடித்து விட்டார். "ஸார், இங்கே ஓட்டுகிறவன் நம்முடைய நடையைக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறான். நாம் ஒரே வேகத்தில் போனால் அவன் கணக்குச் சரியாக வரும். பயந்து நின்றால்தான் கணக்குத் தப்பும்" என்றார்.

முப்பத்தாறு தெருக்கள்

பழைய நகரத்தை "முப்பத்தாறு தெருக்கள்" என்று அழைக்கிறார்கள். பல தெருக்களின் பெயர் "ஹாங்" என்று ஆரம்பிக்கும். சரக்கு என்று அர்த்தம். வெள்ளிச் சரக்குத் தெரு, தகரச் சரக்குத் தெரு, பட்டுச் சரக்குத் தெரு என்று, ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் ஒவ்வொரு தெருவில் குடியேறித் தொழில் நடத்தி வந்ததால் ஏற்பட்ட பெயர்கள் இவை. நம் ஊர்களில் வளையல்காரர் தெரு, தட்டார் தெரு என்று இருப்பதைப் போல. நம் ஊர்களில் பெரும்பாலும் பெயர் மட்டும் தங்கித் தொழில் போய்விட்டது. அங்கேயோ தகரத் தெருவில் இன்னமும் சம்மட்டிச் சத்தம் காதைத் துளைக்கிறது.

வீடுகள் எல்லாம் முகப்பில் இரண்டு பாகம் அகலமும், உள்ளே போகப் போக முடிவில்லாத நீளமுமாக, குழாயைப் படுக்க வைத்தாற்போல் இருக்கின்றன. முன்காலத்தில் கடையின் முகப்பு அகலத்தைக் கொண்டு வரி விதித்ததால் ஜனங்கள் இப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். வரி போடுகிறவனின் புத்தியை விட வரி கட்டுகிறவனின் புத்தி எந்தத் தேசத்திலும் ஒரு படி கூர்மைதான்.

காகிதச் சரக்குத் தெருவில் ஒரு வேடிக்கை கண்டோம். பித்ருக்களுக்கு அனுப்புவதற்காகக் காகிதத்தால் செய்த பணம், வீடு, உடுப்பு முதலியவற்றை அங்கே விற்கிறார்கள். அவற்றை நெருப்பிலிட்டால் மேலுலகத்தில் பித்ருக்களுக்குக் கிடைக்கும் என்பது நம்பிக்கை. இப்போது காகித மோட்டார் காரும் காகிதக் கைப்பேசியும் வந்துவிட்டன. "கைப்பேசி போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது?" என்று நம் சிநேகிதர் கேட்டார். கடைக்கார அம்மாள் புரியாமலேயே புன்னகை செய்தாள்.

சிநேகிதர் சுத்த சைவர். ஹானோயின் சமையலிலோ மீனைப் புளிக்க வைத்து வடித்த சாறு நம் வீட்டுப் பெருங்காயம் மாதிரி எல்லாவற்றிலும் கலக்கிறது. ஆகையால் சைவ உணவு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டோம். "சாய்" என்றார்கள். தேநீருக்கு என்ன என்று கேட்டோம். "சா" என்றார்கள். பத்து நாட்களும் சிநேகிதர் தேநீர் கேட்டுச் சோற்றையும் சோறு கேட்டுத் தேநீரையும் பெற்றுக் கொண்டார். சாந்திரமான மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் அங்கே அநேகம் குடும்பங்களில் மாமிசம் சமைப்பதில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அந்தத் தேசத்தின் மீது பூரண நம்பிக்கை பிறந்தது.

வானத்தில் எழுதும் பேனா

நகரத்தின் நடுவே ஹ்வான் கியெம் என்ற ஏரி இருக்கிறது. "வாளைத் திருப்பிக் கொடுத்த ஏரி" என்று அர்த்தம். சீனத்து மிங் ஆட்சியை எதிர்த்துப் போராடி, 1428-ல் முடி சூடிய லே லொய் என்ற அரசனுக்குத் தெய்வீகமான வாள் ஒன்று கிடைத்திருந்ததாம். சுதந்திரம் கிடைத்த பிறகு அவன் இந்த ஏரியில் படகில் போகையில், பெரிய ஆமை ஒன்று நீரிலிருந்து எழும்பி வாளைத் திருப்பிக் கேட்டதாம். அரசனும் கொடுத்துவிட்டான். யுத்தம் முடிந்தால் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அறிந்த அரசர்கள் சரித்திரத்தில் அதிகம் பேர் இல்லை. அந்த ஆமை இனத்தில் ஏரியில் கடைசியாக எஞ்சியிருந்தது 2016-ஆம் வருஷம் ஜனவரியில் இறந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி, ஏரித் தீவில் உள்ள கோவிலில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோவிலுக்குப் போகும் வழியில், ஒரு சிறு குன்றின் மேல், ஐந்து அடுக்குள்ள கல் ஸ்தூபம் ஒன்று நிற்கிறது. நுனி எழுதுகோலைப் போல் செதுக்கப்பட்டிருக்கிறது. நுயென் வான் சியூ என்ற அறிஞர் 1865-ல் எழுப்பிய பேனாக் கோபுரம் இது. இதன்மேல் மூன்று எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. நீல வானத்தில் எழுது என்பது அவற்றின் கருத்து. சற்றுத் தள்ளி, இந்தப் பேனாவுக்கு ஏற்றதாக, கல்லில் செதுக்கிய மைக் கிண்ணமும் உண்டு. யுத்த வீரனின் ஏரிக்கரையில் எழுதுகோலுக்குக் கோபுரம் எடுத்திருக்கிறார்களே என்று, பள்ளிக்கூட வாத்தியார்களாகிய எங்களுக்கு மார்பு சற்று விரிந்தது. "அந்த எழுத்துக்களைப் படியுங்கள்" என்று ஆசிரியையிடம் கேட்டோம். "அர்த்தம் தெரியும், படிக்கத் தெரியாது. அவை சீன எழுத்துக்கள்" என்றார். அந்தப் பதிலின் கனம் மறுநாள்தான் எங்களுக்கு விளங்கிற்று.

ஆமை முதுகில் பட்டதாரிகள்

மறுநாள் வான் மியூ என்னும் இலக்கியக் கோவிலுக்குப் போனோம். 1070-ஆம் வருஷத்தில் கன்ஃபூசியஸ் முனிவருக்காக எடுத்த கோவில் இது. 1076-ல் இதனுடன் ஒரு கல்விச்சாலை சேர்ந்தது. வியட்நாமின் முதல் சர்வகலாசாலை என்று இதைப் போற்றுகிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து முற்றங்கள்; பழமரங்கள்; சதுரமான ஒரு குளம். குளத்தின் இரு பக்கங்களிலும், கல் ஆமைகளின் முதுகில் நிறுத்திய 82 கல் பலகைகள் வரிசையாக நிற்கின்றன.

1442 முதல் 1779 வரையில் அரசாங்கம் நடத்திய மிக உயர்ந்த பரீட்சைகளில் தேறியவர்களின் பெயரையும் ஊரையும் இந்தக் கற்களில் பொறித்திருக்கிறார்கள். 1,300-க்கு மேற்பட்ட பெயர்கள். ஆற்றலும் அறிவும் உள்ளவர்களே ஒரு தேசத்தின் உயிர்ச்சத்து என்று முதற் கல்லில் கண்டிருக்கிறதாம். அரசர்கள் தங்கள் வெற்றியைக் கல்லில் வெட்டியதைப் பல தேசங்களில் பார்க்கலாம். பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் பெயரைக் கல்லில் வெட்டிய தேசத்தை அன்றுதான் பார்த்தோம். 2011-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

பின்கட்டில் சூ வான் ஆன் என்ற ஆசிரியருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் இந்தக் கல்விச்சாலையின் தலைவராக இருந்தவர். அரண்மனையில் லஞ்சமும் அக்கிரமமும் மலிந்தபோது, தீய அதிகாரிகள் ஏழு பேரின் தலையை வாங்க வேண்டும் என்று அரசனுக்கு மனுப் போட்டார். அரசன் செவிசாய்க்கவில்லை. சூ வான் ஆன் உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டுக் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அந்த ஏழு பேரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் பெயரில் தெருவும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன.

நாங்கள் போயிருந்த அன்று, பட்டம் பெற்ற மாணவ மாணவிகள் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார்கள். பெண்கள் "ஆவ் யாய்" என்ற நீண்ட பட்டு அங்கி தரித்து, மல்லிகைப் பந்தல் நகர்ந்து வருவது போல் வந்தார்கள். ஒரு கல்லின் முன்னால் நின்ற பெண்ணிடம், "இதில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டோம். அந்தப் பெண் கல்லைப் பார்த்தாள்; தோழிகளைப் பார்த்தாள்; எல்லோருமாகச் சிரித்தார்கள். "தெரியாது, எங்களால் படிக்க முடியாது" என்றாள். கோவில் வாசலில் சீன எழுத்தை அழகாக எழுதி விற்கும் சித்திரக்காரரிடம் அவள் ஓர் எழுத்து வாங்கியிருந்தாள். அதன் அர்த்தத்தையும் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

நமக்கு மனசு என்னவோ செய்தது. முன்னோர்கள் ஆமை முதுகில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிய கடிதம். பேத்தியின் கையில் வந்து சேர்ந்துவிட்டது. பேத்திக்கு வாசிக்கத் தெரியவில்லை. இது எப்படி நேர்ந்தது?

அந்நியன் செய்த ஆயுதம்

பல நூற்றாண்டுகளாக வியட்நாம் அறிஞர்கள் சீன எழுத்திலேயே எழுதினார்கள். தங்கள் தாய்மொழியை எழுதுவதற்கு அதிலிருந்தே "நோம்" என்ற எழுத்தையும் உண்டாக்கினார்கள். அதைக் கற்பதற்கு முதலில் சீன எழுத்துத் தெரிய வேண்டும். ஏழை எளியவர்களுக்கு அது எட்டாக் கனி. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார்கள் மதப் பிரசாரத்துக்காக அந்தப் பாஷையை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அலெக்ஸாந்தர் தெ ரோத் என்ற பாதிரியாரின் அகராதி 1651-ல் ரோமாபுரியில் அச்சாயிற்று. பின்னால் வந்த பிரெஞ்சு ஆட்சியினர், சீனத் தொடர்பை அறுப்பதற்கும் தங்கள் நிர்வாகத்துக்கும் சௌகரியம் என்று கருதி இந்த எழுத்தைப் பரப்பினார்கள். பழைய பரீட்சைகள் 1919-ஆம் வருஷத்தோடு நின்றுபோயின.

தேச பக்தர்கள் முதலில் இதை அந்நியன் எழுத்தென்று வெறுத்தார்கள். பிறகு ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள்: சீன எழுத்தைக் கற்கப் பல வருஷங்கள் வேண்டும், இதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம்! 1907-ஆம் வருஷம் பட்டுத் தெருவில், பழைய சீனப் படிப்பில் ஊறிய அறிஞர்களே கூடி, "தோங் கின் ஙியா துக்" என்ற இலவசப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். சம்பளம் கிடையாது, ஆண்களோடு பெண்களும் வந்தார்கள், புதிய எழுத்தில் கணக்கும் சாஸ்திரமும் தேச சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் நிறைவதற்குள் பிரெஞ்சு அதிகாரிகள் பள்ளியை மூடினார்கள். 1908-ல் ஆசிரியர்கள் பலரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அந்த 1908-ல்தான் நம் சிதம்பரம் பிள்ளையும் சிறை புகுந்தார் என்பதை வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. கப்பல் விட்டாலும் குற்றம், பள்ளிக்கூடம் வைத்தாலும் குற்றம் என்பது அந்தக் காலத்துச் சட்டம். இன்று ஏரியின் வடக்கே, நாற்புறமும் வண்டிகள் சுழலும் சதுக்கத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1945 செப்டம்பர் 2-ஆம் தேதி, பா தின் மைதானத்தில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். அவரும் வாலிபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர்தாம். அந்த வருஷத்து ஆரம்பத்தில் வடக்கு வியட்நாமில் கொடிய பஞ்சம் வந்து, லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டிருந்தார்கள். கஜானா காலி. அப்படியிருந்தும், ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 8-ஆம் தேதி, எல்லா ஜனங்களுக்கும் எழுத்தறிவிக்க உத்தரவு பிறந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே திட்டம். சந்தை வாசலில் ஒரு பலகையில் எழுத்துக்களை எழுதி வைப்பார்களாம். வாசித்தவர்கள் நேர் வாசலால் உள்ளே போகலாம். வாசிக்கத் தெரியாதவர்கள் "குருட்டு வாசல்" என்ற பக்கத்து வழியாகப் போக வேண்டுமாம். கீரைக்கட்டோடு வந்த கிழவிகள் குருட்டு வாசலுக்கு வெட்கப்பட்டு எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் 25 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றதாக அரசாங்கம் கணக்குச் சொல்லிற்று.

முரசு கொட்டும் பள்ளிக்கூடம்

ஆசிரியையின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போயிருந்தோம். அங்கே பாட வேளை முடிந்தால் மணி அடிப்பதில்லை. பெரிய முரசைக் கொட்டுகிறார்கள். முற்றம் அதிர்கிறது. தூங்கும் பையனும் எழுந்துவிடுவான். இந்த ஏற்பாட்டை நம் பள்ளிக்கூடத்துக்கும் சிபாரிசு செய்யலாமா என்று யோசிக்கிறோம்.

நவம்பர் 20-ஆம் தேதி அங்கே ஆசிரியர் தினம். 1982 முதல் இந்த நாளைக் கொண்டாடி வருகிறார்கள். அன்று காலையில் ஹானோய் முழுவதும் பூக்கடையாகி விட்டது. வயது வந்த பழைய மாணாக்கர்களும் பூச்செண்டோடு ஆசிரியர் வீட்டைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் பாஷையில் நான், நீ என்ற சொற்களைப் பேச்சில் அதிகம் வழங்குவதில்லை. அண்ணன், அக்காள், சிறிய தகப்பனார், பெரியப்பா என்று உறவு முறை சொல்லியே பேசுகிறார்கள். ஆசிரியையைக் "கோ" என்று அழைக்கிறார்கள். அத்தை என்பதற்கும் அதே சொல்தான். மாணாக்கர்கள் தங்களைத் தம்பி தங்கை என்று பொருள்படும் "எம்" என்ற சொல்லால் சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் வகுப்பில் நுழைந்ததும் 45 குழந்தைகளும் எழுந்து நின்று, "தாய்" என்று எங்களை அழைத்தார்கள். அவர்கள் பாஷையில் ஆண் ஆசிரியருக்கு அதுதான் பெயர். நம் காதுக்கு அது வேறு விதமாக இனித்தது.

அன்று பௌதிக பாடம். ஆசிரியை கரும்பலகையில் "ஜா தோக்" என்று எழுதிச் சூத்திரம் போட்டார். "ஜா" என்றால் கூட்டுவது. "தோக்" என்றால் வேகம். வேகம் கூடுவது என்று சொல்லிலேயே விளக்கம் அடங்கியிருக்கிறது. நாம் முடுக்கம் என்கிறோமே, அதுதான். இப்படிப்பட்ட சொற்களை ஹ்வாங் சுவான் ஹான் என்ற அறிஞர், அந்நிய ஆட்சி நடக்கும்போதே சேகரித்து, 1942-ல் விஞ்ஞானச் சொற்களின் அகராதியாக வெளியிட்டு வைத்திருந்தார். சுதந்திரம் வந்தபோது சொற்கள் தயாராக இருந்தன. 1945 நவம்பரில் சர்வகலாசாலை திறந்தபோது பாஷை வியட்நாமிய பாஷையாகிவிட்டது. இன்று வைத்தியம், பொறியியல், சட்டம் எல்லாம் தாய்மொழியிலேயே நடக்கின்றன.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே கட்சியின் ஆட்சி. பத்திரிகைகளில் மாற்றுக் குரல் கேட்பதில்லை. குளிர்காலத்தில் நகரத்தின் புகை தொண்டையைப் பிடிக்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடுவது நம் ஊர் மாதிரியேதான்; 2025 பிப்ரவரியில் அரசாங்கம் இதற்குக் கடுமையான விதிகள் கொண்டு வந்தது. மாலையில் ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் நிரம்பி வழிகின்றன. இதைச் சுட்டிக் காட்டியபோது ஆசிரியை சொன்னார்: "ஆங்கிலம் வேண்டும், நானும் என் மகளை அனுப்புகிறேன். ஆனால் அவள் ஆங்கிலத்தைக் கற்கப் போகிறாள். ஆங்கிலத்தில் பௌதிகத்தைக் கற்கப் போகவில்லை."

இடது பக்கமாகப் போகும் பாலம்

கடைசி நாள் மாலையில் செந்நதியின் மேலுள்ள லோங் பியென் பாலத்தில் நடந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் 1902-ல் கட்டி முடித்த இரும்புப் பாலம். நடுவில் ரயில், இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். நகரம் முழுவதும் வலப்பக்கமாகப் போகும் வண்டிகள் இந்த ஒரு பாலத்தில் மட்டும் இடப்பக்கமாகப் போகின்றன. பத்து நாட்களில் முதன்முறையாக நம் சிநேகிதர் தைரியமாக நடந்தார்.

1967-லும் 1972-லும் அமெரிக்க விமானங்கள் இந்தப் பாலத்தைப் பலமுறை தாக்கின. உடைந்த இடத்தை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மீண்டும் ரயில் விட்டார்கள். 1972 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, காம் தியென் தெருவில் வீடுகள் வரிசை வரிசையாக நொறுங்கின. அந்த வருஷங்களில் ஹானோய்க் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடமும் அவர்களோடு போயிற்று. வகுப்புக்குப் பக்கத்திலேயே பதுங்கு குழி வெட்டி, வைக்கோலால் பின்னிய தொப்பியைத் தலைக்குக் கவசமாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஆசிரியையின் தாயார் அப்படிப் படித்தவராம்.

பாலத்தின் ஓரத்தில் சோளம் சுட்டு விற்கும் கிழவி ஒருத்தி, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் செய்தித்தாளைக் கவனமாக வாசித்துக் கொண்டிருந்தாள். கல்லை வாசிக்கத் தெரியாத பட்டதாரியும் நம் நினைவுக்கு வந்தாள். அந்தத் தேசம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. கிழவிக்கு எழுத்துக் கொடுத்தது. அதற்கு விலையாக முன்னோர்களின் எழுத்தை இழந்தது. இழந்ததை நினைத்து அங்கே வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்; கிழவியின் கையிலிருந்து பத்திரிகையைப் பிடுங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நமக்கு அப்படிப்பட்ட நிர்ப்பந்தம் ஒன்றும் வரவில்லை. தஞ்சைக் கல்வெட்டை அச்சில் எடுத்துக் கொடுத்தால், நம் எட்டாம் வகுப்புப் பையன் தட்டுத் தடுமாறியேனும் பல சொற்களை இனம் கண்டுகொள்வான். "தமிழ்ப் பிரிவிலே படிக்கிற பையனாக இருந்தால்" என்று திருத்தினார் சிநேகிதர். எழுத்தும் நம்முடையது, கல்லும் நம்முடையது, கலைச்சொற்களும் பல வருஷ உழைப்பில் சேர்ந்திருக்கின்றன. 2010-ல் பொறியியலில் சில பிரிவுகளைத் தமிழில் தொடங்கினோம். ஆயினும் கல்லூரியில் பெரும்பாலான பாடங்கள் இன்றும் ஆங்கிலத்தில்தான். பஞ்சத்தின் நடுவிலும் குண்டு மழையின் நடுவிலும் அவர்களுக்கு இருந்தது நம்மிடம் இல்லை: நம் மொழியால் முடியும் என்ற நம்பிக்கை.

ஊர் திரும்பிய பிறகு கணித உபாத்தியாயர் தம் ஆங்கிலப் பிரிவு வகுப்பில் ஒரு சிறு காரியம் செய்து வருகிறார். கரும்பலகையின் ஓரத்தில், அன்றைய பாடத்தில் வரும் சொற்களைத் தமிழில் எழுதி, அந்தச் சொல் எப்படி உண்டாயிற்று என்று இரண்டு நிமிஷம் விளக்குகிறார். பிள்ளைகளுக்கு இது பிடித்திருக்கிறது. பெற்றோர் ஒருவர் மட்டும் வந்து, "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா, ஸார்?" என்று கேட்டாராம்.

"பரீட்சைக்கு வராது, பையனுக்குக் கணக்கு வரும்" என்று சிநேகிதர் பதில் சொன்னாராம்.